அப்பளக் கடை கம்ப்யூட்டர்ல பில்லிங் புரோகிராம் திறக்கல: டிஎல்எல் பிழை, உதவி தேவை

அம்பைத் தம்பி:
அண்ணாச்சிமாருக்கு வணக்கம். கல்லிடைக்குறிச்சியில ஒரு அப்பளக் கடைக்கு சி++ல பில்லிங் புரோகிராம் எழுதியிருக்கேன். ஜன்னல், பட்டனுக்கெல்லாம் க்யூடி 5.15.2 நூலகம், கம்பைலர் மிங்ஜிடபிள்யூ 8.1 64-பிட், டேட்டாபேஸ் எஸ்க்யூலைட். க்யூடி கிரியேட்டர்ல ரன் கொடுத்தா நல்லா ஓடுது. ரிலீஸ் ஃபோல்டர்ல உள்ள ஈஎக்ஸ்ஈயை பென்டிரைவ்ல கொண்டுபோய்க் கடையில போட்டா 'க்யூடி5கோர் டிஎல்எல் இல்லை'ன்னுச்சு, அதாவது ஓடும்போது வேண்டிய நூலகக் கோப்பு கிடைக்கல. அதை நெட்ல இறக்கி சிஸ்டம்32-ல வச்சதும் '0எக்ஸ்சி000007பி'ன்னு வேற பிழை. ரெண்டு பக்கமும் விண்டோஸ் 10, 64-பிட்தான். கடையில நெட் கிடையாது.

பாளை அண்ணாச்சி:
தம்பி, முதல் வேலையா சிஸ்டம்32-ல போட்ட அந்தச் சவத்தை அழிங்க. நீங்க போட்ட கோப்பை மட்டும், பக்கத்துல எதையும் தொடாதீங்க. 64-பிட் ஈஎக்ஸ்ஈ கையில 32-பிட் டிஎல்எல் சிக்கினா பெரும்பாலும் இந்த எண்தான் வரும். டிஎல்எல் தளங்கள்ல கிடைக்கிறது எந்தக் கம்பைலர்ல, எந்தப் பதிப்புல செஞ்சதுன்னே தெரியாது.

ஒரு டிஎல்எல் வேணும்னா விண்டோஸ் முதல்ல ஈஎக்ஸ்ஈ இருக்கிற ஃபோல்டர்ல பார்க்கும், பிறகு சிஸ்டம்32, கடைசியா பாத், அதாவது தேட வேண்டிய ஃபோல்டர்களோட பட்டியல். உங்க வீட்டுல ஓடுறதுக்குக் காரணம், ரன் கொடுக்கும்போது கிரியேட்டரே க்யூடியோட பின் ஃபோல்டரைப் பாத்துல சேர்த்துக்கிடுது. கடையில யார் சேர்ப்பா? அதனால வேண்டியது எல்லாம் ஈஎக்ஸ்ஈ பக்கத்துலயே இருக்கணும்.

சி:\பில் மாதிரி ஒரு காலி ஃபோல்டர்ல ரிலீஸ் ஈஎக்ஸ்ஈயை மட்டும் வைங்க. பிழை தேடுறதுக்குக் கட்டுற டீபக் பில்டு கொண்டுபோகாதீங்க. ஸ்டார்ட் மெனுவுல 'க்யூடி 5.15.2 மிங்ஜிடபிள்யூ 64-பிட்'னு ஒரு கமாண்ட் விண்டோ இருக்கும். சாதா சிஎம்டி வேண்டாம், இந்த விண்டோதான் சரியான பாத்தோட திறக்கும். அதுல விண்டிப்ளாய்க்யூடின்னு (வேண்டிய க்யூடி கோப்புகளை எடுத்து வைக்கிற கருவி) அடிச்சு, பக்கத்துல ஈஎக்ஸ்ஈயோட முழுப் பாதையைக் கொடுங்க. க்யூடி5கோர், கூய், விட்ஜெட்ஸ் எல்லாம் வந்து விழும். கூடவே கம்பைலரோட மூணு டிஎல்எல்லும் வரணும்: லிப்ஜிசிசி, லிப்எஸ்டிடிசி++, லிப்வின்பிதிரெட். வரலைன்னா --கம்பைலர்-ரன்டைம் சேர்த்து மறுபடி ஓட்டுங்க.

தென்காசி கோடர்:
இவ்வளவு எதுக்கு? லிங்கருக்கு -ஸ்டேடிக் கொடுத்து நூலகத்தை எல்லாம் உள்ளேயே சேர்த்தா ஒரே ஈஎக்ஸ்ஈ ஆயிருமே?

பாளை அண்ணாச்சி:
க்யூடி இல்லாத கன்சோல் புரோகிராம்னா நீங்க சொல்றது சரி, அந்த மூணும் உள்ளேயே போயிரும். இங்க க்யூடியே டிஎல்எல்லா இருக்கு. க்யூடி5கோர் தன் பங்குக்கு லிப்எஸ்டிடிசி++ கேட்கும், ஆக அந்தக் கோப்பு எப்படியும் வேணும். முழு ஸ்டேடிக் வேணும்னா க்யூடியையே சோர்ஸ்ல இருந்து கட்டணும். ஓப்பன் சோர்ஸ் உரிமத்துல எல்ஜிபிஎல் நிபந்தனை வேற இருக்கு, உங்க புரோகிராமோட கம்பைல் ஆன ஆப்ஜெக்ட் கோப்புகளைக் கேட்டா கொடுக்க வேண்டி வரும். ஒரு கடைக்கு அந்தப் பாடு வேண்டாம்.

விஷுவல் ஸ்டூடியோவுல கட்டுறவங்களுக்கு இது வேற கதை. அங்க விசிரன்டைம்140 இல்லைன்னு சொல்லும், மைக்ரோசாஃப்ட் தர்ற விசி ரீடிஸ்ட் தொகுப்பை நிறுவினா முடிஞ்சுது.

அம்பைத் தம்பி:
திறக்குது அண்ணாச்சி! ஆனா பில் சேமிச்சா 'க்யூஎஸ்க்யூலைட் டிரைவர் நாட் லோடெட்'. ஆப்ஜ்டம்ப் -பி போட்டு ஈஎக்ஸ்ஈ என்னென்ன டிஎல்எல் கேட்குதுன்னு பார்த்தேன். அதுல உள்ளது எல்லாம் ஃபோல்டர்ல இருக்கு. பிளாட்ஃபார்ம்ஸ் ஃபோல்டரும் கொண்டுபோயிருக்கேன்.

வள்ளியூர் பிட்:
மத்த ஃபோல்டர்களைக் கறிவேப்பிலையா ஒதுக்கிட்டீங்கபோல. டேட்டாபேஸ் டிரைவர்ங்கிறது ஒரு பிளகின். லிங்க் செய்யும்போது சேராது, ஓடும்போதுதான் க்யூடி அதைத் தேடி எடுக்கும். ஆப்ஜ்டம்ப் பட்டியல்ல வராததுக்குக் காரணம் அதுதான். ஈஎக்ஸ்ஈ பக்கத்துல எஸ்க்யூஎல்டிரைவர்ஸ்னு ஃபோல்டர், அதுக்குள்ள க்யூஎஸ்க்யூலைட் டிஎல்எல். ஃபோல்டர் பேரை மாத்தக் கூடாது, கோப்பை வெளியே எடுத்துப் போடவும் கூடாது. ஓடிபிசி, போஸ்ட்கிரெஸ் டிரைவரும் சேர்ந்து வந்திருக்கும், அதை அழிச்சுக்கலாம். பிரின்ட்சப்போர்ட் ஃபோல்டரையும் விடாதீங்க, அது போனா பிரின்டரே தெரியாது.

கல்லிடைக்குறிச்சிக்கு அலையாம வீட்டுலயே சோதிக்கலாம். கிரியேட்டரை மூடிட்டு சி:\க்யூடி ஃபோல்டருக்குத் தற்காலிகமா வேற பேர் வைங்க. சிஎம்டில 'செட் பாத்=சி:\விண்டோஸ்\சிஸ்டம்32'ன்னு கொடுத்து, அதே விண்டோல ஈஎக்ஸ்ஈயை ஓட்டுங்க. விடுபட்டது எதுன்னு அங்கேயே தெரிஞ்சுரும். சிஎம்டியை மூடினா பாத் பழையபடி ஆயிரும், ஃபோல்டர் பேரை மட்டும் மறக்காம மாத்திருங்க.

டேட்டாபேஸ் கோப்பு ஈஎக்ஸ்ஈ பக்கத்துல இருந்தா புரோகிராம் ஃபைல்ஸ்ல நிறுவாதீங்க. சாதா யூசருக்கு அங்க எழுத அனுமதி கிடையாது.

அம்பைத் தம்பி:
சேமிக்குது, பிரின்டும் வருது. ஒண்ணே ஒண்ணு பாக்கி. 'உளுந்து அப்பளம் 200 கிராம்' என் கம்ப்யூட்டர்ல ஒரே வரியில நிக்குது, கடையில ரெண்டு வரியா மடங்குது. கோட்ல எழுத்துரு லதா.

வள்ளியூர் பிட்:
விண்டோஸ் 10-ல லதா கூடுதல் எழுத்துரு. ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ்ல தமிழ் எழுத்துருத் தொகுப்பைச் சேர்த்தாத்தான் வரும். அது இல்லாத இடத்துல நிர்மலா மாதிரி வேற எழுத்துரு வந்து உட்காரும், அகலம் மாறும். லதாவை நாம பொட்டலம் கட்டிக் கொடுக்க உரிமம் இல்ல. அதுக்குப் பதிலா நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவை வைங்க, அது கட்டற்ற உரிமத்துல கிடைக்குது. அதோட டிடிஎஃப் கோப்பைக் க்யூஆர்சிக்குள்ள (ஈஎக்ஸ்ஈக்குள்ளயே சேர வேண்டிய கோப்புகளோட பட்டியல்) வச்சு, மெயின்ல ஜன்னல் திறக்குறதுக்கு முன்னாடி க்யூஃபான்ட்டேட்டாபேஸோட ஆட்அப்ளிகேஷன்ஃபான்ட் கூப்பிடுங்க. அது -1 திருப்பினா கோப்பு ஏறலைன்னு அர்த்தம், பெரும்பாலும் க்யூஆர்சில பாதை தப்பா இருக்கும்.