900 கலோரியில் தொடங்கினேன், 1,350-க்கு வந்தேன்: எடை குறைக்க நீங்கள் எவ்வளவு வைத்தீர்கள்?

திருச்சி ஆசிரியை

போன வருடம் ஆண்டு விடுமுறை தொடங்கிய அன்று எடை பார்த்தேன். 74 கிலோ. வயது 42, உயரம் 158 செ.மீ. உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் பிஎம்ஐ எண் 29.6 வந்தது. நம் நாட்டுக்காரர்களுக்கு 23-ஐத் தாண்டினாலே அதிக எடை, 25-ஐத் தாண்டினால் உடல்பருமன் என்றுதான் மருத்துவர்கள் கணக்கு வைக்கிறார்கள். பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 செ.மீ.க்குள் இருக்க வேண்டுமாம். எனக்கு 94. பயந்துவிட்டேன்.

கூட வேலை பார்க்கும் டீச்சர் ஒருவர் 900 கலோரி சாப்பிட்டு இளைத்திருந்தார். நானும் அதையே பிடித்துக்கொண்டேன். காலையில் இரண்டு இட்லி, மதியம் ஒரு கரண்டி சோறும் ரசமும் பொரியலும், இரவு ஒரு வாழைப்பழமும் மோரும். முதல் இரண்டு வாரத்தில் மூன்றரை கிலோ இறங்கியது. அதில் பாதிக்கு மேல் உடம்பிலிருந்த நீர் என்பது அப்போது எனக்குத் தெரியாது. வழி சரிதான் என்று நம்பினேன்.

இரண்டாம் மாதம் மாதவிலக்கு தள்ளிப்போனது. மின்விசிறிக் காற்றே குளிர்ந்தது. பள்ளி திறந்த பிறகு மாடிப்படி ஏறும்போது சுவரைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. பிள்ளைகள் சின்னதாகச் சத்தம் போட்டாலும் கத்தினேன், அதுதான் இன்றுவரை உறுத்துகிறது. மூன்றாம் மாதம் தலை சீவினால் சீப்பு நிறைய முடி. 67 கிலோவில் பயந்துபோய் நிறுத்தினேன். தீபாவளிக்குள் பழைய 74-க்கே திரும்பிவிட்டேன். மூன்று மாதப் பட்டினியில் எனக்கு மிஞ்சியது 9.4 ஹீமோகுளோபின்தான்.

அப்புறம்தான் டயட்டீஷியன் ஒருவரிடம் போனேன். அவர் ஒரு தாளை எடுத்து என் கண் முன்னால் கணக்குப் போட்டார். எடையைப் பத்தால் பெருக்கு: 740. உயரத்தை 6.25-ஆல் பெருக்கிச் சேர்: 987.5. வயதை ஐந்தால் பெருக்கிக் கழி: 210. பெண் என்பதால் இன்னும் 161 கழி (ஆண் என்றால் 5 கூட்ட வேண்டும்). வந்தது 1,356. 1990-இல் வெளிவந்த மிஃப்லின் சமன்பாடு இது. "நீங்க நாள் முழுக்கப் படுத்தே கிடந்தாலும் உங்க உடம்புக்கு இவ்வளவு வேணும்மா. மூச்சு, இதயம், மூளை, ஈரல் எல்லாம் இதுலதான் ஓடுது. அதுலயும் 450 குறைச்சுக் கொடுத்திருக்கீங்க" என்றார்.

அதிகம் அசையாத வேலைக்கு இதை 1.2-ஆல் பெருக்க வேண்டும். எனக்கு 1,628. இதில் 500 கழிப்பது பொதுவான வழக்கம். கழித்தால் 1,128. மேற்பார்வை இல்லாமல் பெண்கள் 1,200-க்கும் ஆண்கள் 1,500-க்கும் கீழே போகக் கூடாது என்பதுதான் பெரும்பாலான மருத்துவர்கள் சொல்லும் எல்லை. என்னைப் போல் உயரம் குறைந்த பெண்களுக்கு அந்த 500 ஒத்துவராது. அதனால் அவர் குறைப்பைச் சாப்பாட்டிலும் நடையிலுமாகப் பிரித்தார். தினம் முக்கால் மணி நேர நடை, அதற்குச் சுமார் 130. ஆகத் தேவை 1,750 அளவில் நிற்கும். சாப்பாடு 1,350. இடையில் 400.

இந்த 400 எனக்குத் தாங்கியது. முதல் மாதம் ஒன்றரை கிலோதான் இறங்கியது, ஆனால் தலை சுற்றவில்லை. உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள். எந்த எண் வைத்தீர்கள் என்பதோடு, அதை எப்படி முடிவு செய்தீர்கள் என்றும் சொல்லுங்கள்.

கோவை, வயது 57

சர்க்கரை நோய்க்கு மாத்திரை எடுப்பவர்கள் இதை அவசியம் படிக்க வேண்டும். நான் காலையில் மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சேர்ந்த மாத்திரை எடுப்பவன். மகளின் கல்யாணத்துக்குள் எடையைக் குறைக்க எண்ணி, யாரையும் கேட்காமல் 1,200-க்கு இறங்கினேன். இரவுச் சோற்றை விட்டேன், காலை டிபனைப் பாதியாக்கினேன். மாத்திரை மட்டும் பழைய அளவிலேயே போய்க்கொண்டிருந்தது.

ஒன்பதாவது நாள் பதினொன்றரை மணி. காந்திபுரத்தில் பஸ்ஸுக்கு நிற்கிறேன். கை நடுங்குகிறது, சட்டை நனைந்துவிட்டது, வரும் பஸ்ஸின் எண்ணைப் படிக்க முடியவில்லை. பக்கத்தில் நின்ற கல்லூரிப் பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டு "அங்கிள், சுகர் இருக்கா?" என்று கேட்டு, கடையிலிருந்து ஒரு குளிர்பானம் வாங்கிக் கொடுத்தாள். கால் மணி நேரத்தில் தெளிந்தேன். பையிலிருந்த சுகர் மீட்டரில் அப்போது பார்த்தேன். குடித்த பிறகே 68. அதற்கு முன் எவ்வளவு இருந்திருக்கும் என்று நினைத்தால் இப்போதும் உடம்பு பதறுகிறது.

மருத்துவர் திட்டவில்லை, விளக்கினார். கிளிமிபிரைடு வகை மாத்திரை, நாம் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் இன்சுலினைச் சுரக்க வைக்கும். உணவைக் குறைப்பதற்கு முன்பே மருந்தின் அளவை மாற்ற வேண்டும். இன்சுலின் ஊசி போடுபவர்களுக்கும் இதே கதைதான். என் மருந்தைக் குறைத்துவிட்டு 1,600 சாப்பிடச் சொன்னார், மூன்று வேளையும் தவறாமல். ஆறு மாதத்தில் 6 கிலோ குறைந்தது. சட்டைப் பையில் குளுக்கோஸ் பொட்டலம் இல்லாமல் இப்போது வெளியே இறங்குவதில்லை.

அம்பத்தூர், ஐடி வேலை

என் பிரச்சினை நேர் எதிர். இலக்கு சரியாகத்தான் இருந்தது, சாப்பிட்டதுதான் வேறு. 36 வயது, 172 செ.மீ., 88 கிலோ. கணக்குப்படி தேவை 2,136, நான் வைத்தது 1,650. ஐந்து வாரமாகியும் முள் அசையவில்லை. என் உடம்பு வேறு மாதிரி போல, 1,200-க்கு இறங்கிவிடலாம் என்று முடிவே செய்துவிட்டேன்.

அம்மாதான் தடுத்தார். "மாசம் எத்தனை பாக்கெட் எண்ணெய் வாங்குறோம்னு முதல்ல பாருடா" என்றார். மூன்று பேருக்கு நாலரை பாக்கெட். ஒரு லிட்டர் பாக்கெட்டில் 910 கிராம் என்று அச்சிட்டிருக்கும், கிராமுக்கு 9 கலோரி. ஆளுக்கு ஒன்றரை பாக்கெட் என்று வைத்து முப்பது நாளுக்கு வகுத்தால், ஒரு நாளைக்கு 400-க்கு மேல் எண்ணெய் மட்டும். நான் கலோரி எண்ணும் ஆப்பில் எழுதிக்கொண்டிருந்தது 100. தாளிப்பு, தோசைக்கல்லில் சுற்றி விடுவது, அப்பளம், இட்லிப் பொடிக்கு நல்லெண்ணெய் எதையும் நான் சேர்த்ததே இல்லை. நாலு டீக்கு எட்டு ஸ்பூன் சர்க்கரை, அது 160. தேங்காய்ச் சட்னியை "காய்கறி" என்று பதிந்திருக்கிறேன். தேங்காய் 100 கிராமுக்கு 350-ஐத் தாண்டும்.

எண்ணூறு ரூபாய்க்குச் சின்ன டிஜிட்டல் தராசு வாங்கினேன். அரிசியை வேகவைக்கும் முன் எடை போட்டேன், வெந்த சோற்றில் தண்ணீர் கூடக் குறைய இருக்குமே. இரண்டு வாரம் எல்லாவற்றையும் நிறுத்துப் பார்த்ததும் கண் பழகிவிட்டது, இப்போது தராசை எப்போதாவதுதான் எடுக்கிறேன். இலக்கை மாற்றவே இல்லை. அதே 1,650-இல் ஏழு மாதத்தில் 9 கிலோ. இலக்கை இன்னும் கீழே இறக்கும் எண்ணம் வந்தால், முதலில் அந்த இலக்கைத்தான் உண்மையில் சாப்பிடுகிறீர்களா என்று பாருங்கள்.

மதுரை, கைக்குழந்தையின் அம்மா

குழந்தைக்கு அப்போது நாலு மாதம். பழைய சுடிதார் எதுவும் நுழையவில்லை என்று 1,200 வைத்தேன். பத்தே நாளில் குழந்தை பால் போதாமல் அழ ஆரம்பித்தாள், எடை ஏறவில்லை. மாமியார் பால்சுறா புட்டும் பூண்டுக் குழம்பும் செய்துகொண்டே இருந்தார். நான் தட்டில் ஒதுக்கிவிட்டு எழுந்திருப்பேன்.

தடுப்பூசிக்குப் போனபோது குழந்தை மருத்துவர் என்னிடம்தான் பேசினார். ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020 அட்டவணையை எடுத்துக் காட்டினார். பாலூட்டும் தாய்க்கு முதல் ஆறு மாதம் வழக்கமான தேவைக்கு மேல் 600 கலோரி, அடுத்த ஆறு மாதம் 520. என் கணக்கில் இந்த வரியே இல்லை. அன்றே நிறுத்தினேன். மாமியாரிடம் மன்னிப்பும் கேட்டேன். குழந்தைக்கு ஒரு வயது முடிந்த பிறகு மெதுவாகத் தொடங்கினேன், 1,600 வைத்து. கர்ப்பமாக இருப்பவர்களும் பால் கொடுப்பவர்களும் தயவுசெய்து மருத்துவரைக் கேட்காமல் எந்த எண்ணையும் வைக்காதீர்கள்.

சேலம்

சுருக்கமாக எழுதுகிறேன். ஓர் எடைக் குறைப்பு மையத்தில் பணம் கட்டி, நாளுக்கு 600 கலோரி அளவில் பவுடர் கரைசல் மட்டும் குடித்தேன். இரண்டே மாதத்தில் 13 கிலோ. நாலாம் மாதம் நடு இரவில் வலது விலாவுக்குக் கீழே தாங்க முடியாத வலி. ஸ்கேனில் பித்தப்பை நிறையக் கற்கள். எடை மிக வேகமாகக் குறையும்போது பித்தப்பையில் கல் உண்டாக வாய்ப்பு அதிகம் என்று அறுவை சிகிச்சை செய்த மருத்துவர் சொன்னார். 800-க்குக் கீழே போகும் உணவுமுறை மருத்துவரின் நேரடிக் கண்காணிப்பில் மட்டுமே இருக்க வேண்டும். அந்த மையத்தில் ஒருநாள்கூட ரத்தப் பரிசோதனை செய்யவில்லை.

நெல்லை, கல்லூரியில் உடலியங்கியல் நடத்துபவர்

திருச்சி அக்கா எழுதிய குளிர், எரிச்சல், தலைசுற்றல் மூன்றையும் படித்ததும் வகுப்பில் நான் சொல்லும் ஒரு சோதனை ஞாபகம் வந்தது. 1944-45-இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்பவர் 36 ஆரோக்கியமான இளைஞர்களை, அவர்கள் சம்மதத்தோடு, 24 வாரம் பாதிப் பட்டினியில் வைத்தார். போர் முடிந்ததும் பட்டினியில் கிடந்தவர்களுக்கு எப்படி உணவு கொடுத்துத் தேற்றுவது என்று அறிவதற்காக. எடையில் சுமார் கால் பங்கு போனது. எப்போதும் குளிர், சோர்வு, எரிச்சல், விழித்திருக்கும் நேரமெல்லாம் சாப்பாட்டு நினைவு. அவர்களுக்குக் கொடுத்தது நாளுக்கு ஏறக்குறைய 1,570 கலோரி. ஒல்லியான ஆண்கள், வாரம் முழுக்க நடக்கவும் வேண்டியிருந்தது. 1,570 பெரிய எண்ணாகத்தான் தெரிகிறது. அந்த உடம்புகளுக்கு அது பட்டினி.

திருச்சி ஆசிரியை

எல்லோருக்கும் நன்றி. கோவை அண்ணா, உங்கள் பதிவை என் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன், அவரும் அதே மாத்திரைதான்.

பாதியில் எடை இறங்காமல் நின்றால் என்ன செய்வது என்று இரண்டு பேர் தனியாகக் கேட்டதற்குப் பதில்: ஐந்தாம் மாதம் எனக்கும் எடை நின்றது. எடை குறையக் குறையத் தேவையும் குறைகிறது, எட்டு கிலோவுக்கு நாளொன்றுக்கு நூறு அளவில். டயட்டீஷியன் சாப்பாட்டில் கை வைக்கவில்லை, நடையைத்தான் ஒரு மணி நேரமாக்கினார். ஒரு வேளைக்கு ஒரு முட்டையோ ஒரு கிண்ணம் கெட்டிப் பருப்போ சுண்டலோ இருந்தே ஆக வேண்டும் என்றார், தசை கரையாமல் இருக்க. பதினாறு வயது மகளுக்கு எவ்வளவு வைக்கலாம் என்று கேட்ட சகோதரிக்கு: வளரும் பிள்ளைக்குக் கலோரி எண்ண வேண்டாம், மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

இப்போது 66 கிலோ. இடுப்பு 85. போன மாதம் இலக்கை 1,350-இலிருந்து 1,650-க்கு ஏற்றச் சொல்லிவிட்டார், எடையை இங்கே நிலைநிறுத்த. முதல் வாரம் மூன்றாவது இட்லியைத் தட்டில் வைக்கவே கை வரவில்லை. இரண்டாம் வாரம் எடை பார்த்தேன். 66.2. இன்று மூன்று இட்லி சாப்பிட்டுவிட்டுத்தான் பள்ளிக்கு வந்தேன்.