படகு எஞ்சினுக்குக் ‘குளிர்காலக் காப்பு’ பொருந்துமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

கனடாவின் ஒன்ராறியோவில், சிம்கோ ஏரிக்கரையில் உள்ள படகுத்துறை ஒன்றுக்காக நான் தமிழாக்கிவரும் செய்முறைக் குறிப்பை வெள்ளிக்கிழமை ஒப்படைக்க வேண்டும். அதன் தலைப்பில் உள்ள ‘winterizing’ என்ற ஆங்கிலச் சொல், குளிர்காலம் முழுதும் ஓடாமல் கிடக்கப்போகும் எஞ்சினை அதற்கு முன்பே ஆயத்தப்படுத்துவதைக் குறிக்கும். அதற்கு ஈடாக உங்களுள் பெரும்பாலோர் ‘குளிர்காலக் காப்பு’ என்பதை ஏற்றுவிட்டீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

காப்பு என்றதும் பணியாளர் நினைப்பது போர்த்துவதைத்தான். சென்ற ஆண்டு இதே சொல்லை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தேன். படித்தவர் படகின்மேல் தார்ப்பாயை இறுக்கிக் கட்டிவிட்டு, எஞ்சினுக்குள் நின்ற ஏரிநீரை வடிக்காமலே போய்விட்டார். நீர் உறையும்போது ஏறத்தாழ 9 விழுக்காடு பருமன் கூடும். ஏப்ரலில் திறந்து பார்த்தபோது வார்ப்பிரும்பின் பக்கவாட்டில் விரல்நீள வெடிப்பு ஓடியிருந்தது.

‘உறைகாப்பு’ இன்னும் குழப்பும்; உறை என்பது மேலுறையையும் குறிக்கும் அல்லவா? மேலும், உறைதல் பாதிச் சிக்கல்தான். பெட்ரோல் கெடாமலிருக்க ‘நிலைப்படுத்தி’ என்னும் சேர்மானத்தை அதில் கலப்பதும், பழைய எஞ்சின் ஒயிலை மாற்றுவதும், சிலிண்டர்களுக்குள் துருத்தடுப்பு எண்ணெயைத் தெளிப்பதும் உறைவுக்காக அல்ல, மாதக்கணக்கில் ஓடாமல் கிடக்கப்போவதற்காக.

‘கூதிர்க்காப்பு’ என்ற முன்மொழிவு என்னை நெடுநேரம் மயக்கியது; கூதிர் என்பது குளிர்ப்பருவத்துக்குப் பழந்தமிழ்ப் பெயர். தொல்காப்பியம் கூறும் ஆறு பெரும்பொழுதுகளில், அதாவது ஆண்டின் பருவங்களில், கூதிருக்கு உரைகாரர்கள் ஐப்பசியையும் கார்த்திகையையும் ஒதுக்குகிறார்கள். ஒன்ராறியோவில் படகுகள் கரையேறுவதும் பெரும்பாலும் ஐப்பசியை ஒட்டித்தான். போருக்குச் சென்ற வேந்தன் குளிர்ப்பருவத்தில் தங்கும் கூதிர்ப்பாசறையும் நினைவுக்கு வந்தது. ஆயினும், எஞ்சின் அறைக்குள் தலைகீழாகக் குனிந்து வடிகுழாய் மூடியைத் தடவித் தேடுபவருக்குக் கூதிர் எதையும் உணர்த்தாது. கூதிருக்குப் பதில் ‘மாரி’ என்றாலோ, அது ஈழத்துப் பாடநூல் படித்தவருக்குக் குளிர்காலம், தமிழ்நாட்டவருக்கோ மழை.

ஆகவே ‘குளிர்கால முன்னேற்பாடு’ என்பதையே மீண்டும் முன்வைக்கிறேன். நீளம்தான், மறுக்கவில்லை, ஆனால் இது உறைபனிக்கு முன்பே செய்து முடிக்கவேண்டிய வேலைகளின் தொகுதி என்பதை ‘முன்’ உணர்த்திவிடுகிறது. தனித்தமிழ் அன்பர்களுக்கும் இதில் தடையிராது. எஞ்சினுக்குள் ஊற்றும், புரோப்பிலீன் கிளைக்கோல் கலந்த திரவத்துக்கு ‘உறைதடுப்பி’ என்பதில் நம்மிடையே கருத்து வேறுபாடில்லை.

வியாழன் இரவுவரை மறுமொழிகளுக்குக் காத்திருப்பேன். பெரும்பான்மை மாறாவிட்டால் தலைப்பில் ‘காப்பு’ என்றே அச்சாகும். அதற்கு நேர்கீழே, “நீரை முழுவதும் வடித்த பிறகே தார்ப்பாயைக் கட்டுக” என்று தடித்த எழுத்தில் சேர்த்துவிடுவேன்.