டாட் இன் பேரை மடக்கி வச்சிருக்கான், வழி சொல்லுங்க

அண்ணாச்சிமாரே, ஒரு உதவி வேணும். பத்தமடைல எங்க மாமி வீட்டுல மூணு தலைமுறையா கோரைப்பாய் நெய்யுதாங்க, கடைப் பேருல வெப்சைட் போடலாம்னு பாத்தா அந்த டாட் இன் பேரை எவனோ வாங்கி, உள்ள ஒண்ணுமே இல்லாம ‘விற்பனைக்கு, 80,000 ரூபாய்’னு மட்டும் போட்டு வச்சிருக்கான். பொதுவான வார்த்தைய வாங்கி விக்கிறத நான் தப்புன்னு சொல்லல, அது வியாபாரம். ஆனா பாய்ல கல்யாண ஜோடி பேரை நெய்ஞ்சு நெய்ஞ்சு இவங்க சம்பாதிச்ச பேரை, இவங்களுக்கே விலை பேசுதது அநியாயம்லா? 2004ல சத்யம் இன்ஃபோவே கேஸ்ல சுப்ரீம் கோர்ட்டே டொமைன் பேருக்கும், அதாவது வெப்சைட் பேருக்கும், டிரேட்மார்க் மாதிரி பாதுகாப்பு உண்டுன்னு சொல்லிட்டு. டாட் இன் பேரையெல்லாம் நிர்வகிக்கிற நிக்சி அமைப்புல, ஐஎன்டிஆர்பிங்கிற பேர்த் தகராறு தீக்குற விதிப்படி புகார் குடுக்கலாம், ஆனா கெட்ட எண்ணம்னு நாமதான் காட்டணும். மாமி டிரேட்மார்க் பதியல, பழைய பில் புக்கு மட்டும் கட்டுக்கட்டா இருக்கு. அது போதுமா? இந்த மாதிரி புகார் குடுத்தவங்க, இல்ல நம்ம பக்கம் தெரிஞ்ச வக்கீல் யாரும் இருந்தா சொல்லுங்க.