பெரிய விமான நிறுவனங்கள் தொடங்கிய மலிவு விமானச் சேவைகள் ஏன் நிலைக்கவில்லை?

கேள்வி

விமானத் துறைப் போட்டி பற்றி என் படிப்புக்காக ஒரு கட்டுரை எழுதுகிறேன். ஒரு இடத்தில் சிக்கிக்கொண்டு நிற்கிறேன்.

அமெரிக்காவின் மலிவு விமான நிறுவனமான சௌத்வெஸ்ட் எப்படிச் சம்பாதித்தது என்பதில் மறைவு எதுவும் இல்லை. ஒரே ரக விமானம், குறைந்த தூரம், தரையில் குறைந்த நேரம். இதைப் பார்த்துதான் கான்டினென்டல் 1993இல் 'லைட்' என்ற சேவையைத் தொடங்கியது, 1995இல் மூடியது. டெல்டாவின் 'சாங்' 2003 முதல் 2006 வரை ஓடியது. யுனைடெட்டின் 'டெட்' 2004இல் வந்து 2009இல் போனது. பணம், விமானம், விமானிகள், அனுபவம் எல்லாம் அவர்களிடம் இருந்தன. பிறகு எங்கே இடித்தது? சம்பளச் செலவு என்று எங்கள் பேராசிரியர் சொல்கிறார். அது மட்டும்தானா?

பதில் 1

சம்பளம் ஒரு காரணம்தான். சாங், டெட் இரண்டையும் ஓட்டியவர்கள் தாய் நிறுவனத்தின் விமானிகளே. ஆனால் நான் 22 ஆண்டுகள் ராம்ப்பில், அதாவது விமானங்கள் வந்து நிற்கும் தளத்தில், வேலை பார்த்தவன். விமானம் வந்து நின்றதிலிருந்து மறுபடி கிளம்பும்வரை உள்ள நேரம்தான் என் வேலை. அங்கிருந்து பார்த்தால் கதை வேறு.

முதலில் ஒரு கணக்கு. ஒரு மணி நேரப் பறப்பு, ஒரு நாளில் 16 மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் தரையில் 60 நிமிடம் நின்றால் 8 பறப்புகள்தான் முடியும். 30 நிமிடம் நின்றால் 11 முடியும். அதே விமானம், அதே மாத வாடகை, ஆனால் மூன்று பறப்புகள் கூடுதல். 180 இருக்கை என்றால் ஒரு நாளைக்கு 540 இருக்கைகள். மலிவு டிக்கெட்டுக்கு வழி பெரும்பாலும் இங்கேதான் பிறக்கிறது. 1972இல் சௌத்வெஸ்ட் தன்னிடம் இருந்த நான்கு விமானங்களில் ஒன்றை விற்க வேண்டி வந்தது. நான்குக்குப் போட்ட அட்டவணையை மூன்றை வைத்தே ஓட்டினார்கள். தரையில் நிற்கும் நேரத்தை 10 நிமிடத்துக்குக் கொண்டுவந்ததால்தான் அது முடிந்தது.

இப்போது எங்கள் கதை. நான் இருந்த நிறுவனமும் ஒரு மலிவுச் சேவையைத் தொடங்கியது. புது வண்ணம், புது சீருடை, 35 நிமிடத்தில் திருப்பி அனுப்ப வேண்டும் என்று எழுத்தில் கட்டளை. நானும் என் ஆட்களும் அதை உயிராக நினைத்து உழைத்தோம். முதல் மாதத்தில் பல நாள் 32, 33 நிமிடத்தில் முடித்தோம். சுத்தம் செய்பவர்கள் பின்கதவு வழியாக ஏறும்போதே முன்கதவில் பயணிகள் இறங்கிக்கொண்டிருப்பார்கள்.

அப்புறம் ஒரு நாள் மதியம். எல்லாம் தயார், கதவை மூடப் போகிறோம். கட்டுப்பாட்டு அறையிலிருந்து அழைப்பு: "தொலைதூர விமானம் தாமதம், அதில் 14 கனெக்டிங் பயணிகள், நிறுத்தி வையுங்கள்." அதிலிருந்து இறங்கி எங்கள் விமானத்தில் மாறி ஏற வேண்டியவர்கள் அவர்கள். 40 நிமிடம் நின்றோம். அன்றைக்கு அந்த விமானத்துக்கு இன்னும் ஐந்து பறப்புகள் மீதி. ஐந்தும் தாமதம், கடைசி ஒன்று ரத்து.

கட்டுப்பாட்டு அறை செய்தது தவறில்லை. அந்த 14 பேரும் எங்கள் விமானத்தைத் தவறவிட்டால் அவர்களுக்கு அறை, மாற்று டிக்கெட், தாய் நிறுவனத்தின் பெயர் என்று எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். தொலைதூரப் பயணிகளை ஹப்பில், அதாவது விமானம் மாறும் மைய நிலையத்தில், சேர்த்துப் பிரித்து அனுப்புவதுதான் தாய் நிறுவனத்தின் பிழைப்பு. அதற்குக் காத்திருப்பது அவசியம். எங்கள் பிழைப்புக்குக் காத்திருக்காமல் கிளம்புவது அவசியம். இரண்டுக்கும் ஒரே அறையிலிருந்து உத்தரவு வந்தால் பெரியதுதான் ஜெயிக்கும். ஒவ்வொரு முறையும் அப்படித்தான் நடந்தது. ஆறாவது மாதத்தில் எங்கள் 35 நிமிடம் 50 ஆகிவிட்டது, டிக்கெட் விலை மட்டும் பழைய கணக்கிலேயே இருந்தது.

பதில் 2

நான் டிக்கெட் விலை நிர்ணயிக்கும் பக்கத்தில் இருந்தவள். ராம்ப் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் செலவைக் குறைத்தாலே போதும் என்ற முடிவுக்கு வந்துவிடாதீர்கள். பீப்பிள் எக்ஸ்பிரஸ் என்ற அமெரிக்க மலிவு விமான நிறுவனம் 1981இல் தொடங்கியபோது அதன் செலவு அமெரிக்கன் ஏர்லைன்ஸை விட வெகு குறைவு. 1985 ஜனவரியில் அமெரிக்கன் என்ன செய்தது? முன்கூட்டியே வாங்குபவர்களுக்கு மட்டும், அளவான இருக்கைகளை, பீப்பிள் எக்ஸ்பிரஸ் அளவுக்கு இறக்கி விற்றது. கடைசி நேரத்தில் வரும் வியாபாரப் பயணிக்கு மிச்ச இருக்கையை முழு விலைக்கு வைத்துக்கொண்டது. எந்த விமானத்தில் எத்தனை இருக்கையை இப்படி ஒதுக்கலாம் என்று கணிக்கும் கணினி அமைப்பு பீப்பிள் எக்ஸ்பிரஸிடம் இல்லை. 1987 தொடக்கத்தில் அது கான்டினென்டலில் கரைந்துவிட்டது.

இன்னொன்று: ஜெட்ஸ்டார் என்ற மலிவுச் சேவை ஆஸ்திரேலியாவின் பெரிய நிறுவனமான குவாண்டாஸின் பிள்ளைதானே? 2004 முதல் இன்றும் பறக்கிறதே.

கேட்டவர்

இருவருக்கும் நன்றி. ஜெட்ஸ்டாரை நான் மறந்தே போனேன். சார், உங்கள் விளக்கப்படி அதுவும் விழுந்திருக்க வேண்டும் அல்லவா?

பதில் 1

நல்ல கேள்வி. விலைக் கணிப்பு பற்றி அவர் சொன்னது முழுக்கச் சரி, அதை நான் ராம்ப்பில் இருந்து பார்த்திருக்க முடியாது.

ஜெட்ஸ்டாரைக் குவாண்டாஸ் தன் வீட்டுக்குள் வளர்க்கவில்லை. 2001இல் வாங்கிய இம்பல்ஸ் ஏர்லைன்ஸ் என்ற தனி நிறுவனத்தின் மேல்தான் அதைக் கட்டினார்கள். குவாண்டாஸின் தலைமையகம் சிட்னி, ஜெட்ஸ்டாருடையது மெல்போர்ன். விமான ரகமும் வேறு. சுற்றுலாப் பயணிகள் அதிகம் போகும் தடங்களைப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு, வியாபாரப் பயணிகள் தடங்களைத் தாய் வைத்துக்கொண்டது. பிள்ளை தன் பயணிகளைத் தின்றுவிடுமோ என்ற பயத்தை அப்படித்தான் அடக்கினார்கள்.

அந்தப் பயம் சாதாரணமானதில்லை. பிரிட்டிஷ் ஏர்வேஸ் 1998இல் தொடங்கிய 'கோ' நன்றாகவே ஓடியது, தனியாகவும் நடந்தது. ஆனாலும் 2001இல் விற்றுவிட்டார்கள். மறு வருடமே போட்டி மலிவு நிறுவனமான ஈஸிஜெட் அதை வாங்கிக்கொண்டது. நான் அதை விற்றிருக்க மாட்டேன். தனியாக நடக்கத் தெரிந்த பிள்ளையைக் கொடுத்து எதிரியைப் பெரியவனாக்கிய மாதிரி ஆகிவிட்டது.

கட்டுரைக்கு ஒரு யோசனை. பழைய கால அட்டவணைகள் கிடைத்தால் தாயும் சேயும் ஒரே தடத்தில் ஓடிய இடங்களை எடுங்கள். ஒரு பறப்பு வந்து அடுத்தது கிளம்பும்வரை எத்தனை நிமிடம் என்று இரண்டிலும் பாருங்கள்.

கேட்டவர்

அட்டவணைகளைத் தேடுகிறேன் சார். ஒன்று மட்டும் கேட்கத் தோன்றுகிறது: அந்த 14 பேரும் ஏறினார்களா?

பதில் 1

14 பேரும் ஏறினார்கள். மூன்று பேருடைய பெட்டிகள் மட்டும் வந்து சேரவில்லை, மறுநாள் காலை விமானத்தில் நானே ஏற்றி அனுப்பினேன்.