ஹால் தரையில பெட்ரோல் ஒழுகிடுச்சு, வாடை போகவே மாட்டேங்குது

ரேழிவாசி:
வாடகை வீடு, தெருவுல வண்டி விட இடமில்ல, அதனால பழைய பைக்க ராத்திரி ஹாலுக்குள்ள ஏத்தி நிறுத்துறது வழக்கம். முந்தாநாள் கார்புரேட்டர்லேர்ந்து ஒழுகி, விடிஞ்சு பாத்தா ஸ்டாண்டுலேர்ந்து ஷோகேஸ் அடி வரைக்கும் ஓடியிருக்கு. பினாயில் ஊத்தி கழுவியாச்சு, சோப்புத்தூள் போட்டும் தேய்ச்சாச்சு, அப்பவும் கதவ சாத்தினா குப்புனு அடிக்குது. உள்பக்கம் டைல்ஸ், வாசல் பக்கம் பழைய சிவப்பு சிமெண்ட் தரை, அதுல கருப்பா ஒரு வட்டம் வேற. தவழுற குழந்தை இருக்கு. சாம்பிராணி போட்டா வாடை போகும்னு அம்மா சொல்றாங்க, போடலாமா?

மாடித்தோட்டம் அக்கா:
ஐயோ தம்பி, சாம்பிராணி, ஊதுவத்தி, விளக்கு எதுவும் கூடாது! பெட்ரோல் ஆவி காத்த விட கனம், மேல போகாது, தரையோட படிஞ்சு கட்டிலுக்கு அடியில படிக்கு கீழன்னு பள்ளமா பாத்து தேங்கும். மைனஸ் 40 டிகிரி குளிர்லயே பொறி பட்டா பத்திக்கிற சாமான் அது, நம்ம ஊர் வெயில்ல கேக்கவே வேணாம். வாடை தூக்கலா இருக்குற வரைக்கும் சுவிட்ச போடவும் வேணாம் அணைக்கவும் வேணாம், ஃபேன் உட்பட. கதவு ஜன்னல் எல்லாம் திறந்து வச்சுட்டு குழந்தைய பாட்டி வீட்டுக்கு அனுப்பிடுங்க. பினாயில் வாடைய மறைக்கும், அவ்வளவுதான்.

கொத்துக்கரண்டி:
அக்கா சொன்னது சரி. எடுத்தவுடனே தண்ணி ஊத்தினதுதான் வினை, பெட்ரோல் தண்ணி மேல மிதக்கும், நீங்க கழுவ கழுவ அது பரவி இடுக்கெல்லாம் போய் உக்காந்துக்கும். டைல்ஸ் குடிக்காது, நடுவுல இருக்குற ஜாயின்ட் சிமெண்ட் குடிக்கும், வாடை வர்றது அங்கேர்ந்துதான். தரைய நல்லா காயவிட்டு ஜாயின்ட் மேல ஆப்ப சோடாவ கெட்டியா தூவி ராத்திரி முழுக்க விட்டு காலைல கூட்டி அள்ளுங்க, அப்புறம் பாத்திரம் கழுவுற லிக்விட வெந்நீர்ல கலந்து பழைய டூத் பிரஷ்ல ஜாயின்ட்ட மட்டும் தேய்ச்சு துணியால ஒத்தி எடுங்க, வாடை குறையுற வரைக்கும் இதையே திரும்ப திரும்ப. அப்பவும் போகலன்னா அந்த ஜாயின்ட்ட சுரண்டி புதுசா அடைச்சுட வேண்டியதுதான்.

சிவப்பு சிமெண்ட் கறைக்கு அதே சோடாவ லிக்விட்ல குழைச்சு அடைத்தோசை கனத்துக்கு அப்பி, அது காஞ்சு வெடிச்சதும் பிளாஸ்டிக் தகட்டால சுரண்டுங்க, ரெண்டு மூணு தடவை அப்பணும். கறை முழுசா போகும்னு சொல்ல மாட்டேன், மங்கும். ஆசிட் மட்டும் வேணாம், சிவப்பே வெளுத்துடும், அப்புறம் ஹவுஸ் ஓனர் அட்வான்ஸ்ல கைய வைப்பாரு. பிளீச்சிங் பவுடரும் வேணாம், பெட்ரோலுக்கு அதால ஒரு பிரயோஜனமும் இல்ல.

ஸ்பேனர் மாமா:
எல்லாரும் தரையவே பாக்குறீங்க, வண்டிய யாரும் கேக்கல. கார்புரேட்டர் மிதவைக்கு மேல இருக்குற ஊசில தூசி மாட்டிக்கிட்டா பெட்ரோல் நிக்காம வந்து ஓவர்ஃப்ளோ டியூப் வழியா கொட்டும். கழட்டி கிளீன் பண்ணி, ஊசி தேஞ்சிருந்தா மாத்துங்க, பெரிய செலவில்ல. அதுவரைக்கும் வண்டி வெளியவே நிக்கட்டும், சரி பண்ணப்புறமும் நிறுத்தினதும் டேப்ப ஆஃப்ல வைங்க. தொடச்ச துணிய வாஷிங் மெஷின்ல போட்டுடாதீங்க சாமி, மொட்டை மாடியில விரிச்சு வாடை போற வரைக்கும் காயட்டும்.

ரேழிவாசி:
நல்லவேளை கேட்டேன், நன்றி எல்லாருக்கும். வண்டிய வெளிய தள்ளியாச்சு, சோடாவும் தூவியாச்சு. வாசல்ல கிடந்த தேங்கா நார் மிதியடியும் நனைஞ்சிருக்கு, அத காப்பாத்த முடியுமா?

கொத்துக்கரண்டி:
முடியாது, நார் விடவே விடாது. வெளிய நல்லா காயவச்சு குப்பைக்கு போடுங்க, கொளுத்த மட்டும் கொளுத்திடாதீங்க.