ஒற்றைச் சாளரம் வந்தும் கண்டெய்னர் ஏன் நிற்கிறது?

பருப்புமண்டி:
பர்மா உளுந்து ஒரு கண்டெய்னர் சென்னையில் இறங்கி 9 நாள் ஆகிறது. 2016 ஏப்ரலில் ஸ்விஃப்ட் என்று ஒற்றைச் சாளரம் கொண்டுவந்தபோது, 9 படிவம் ஒன்றாகிவிட்டது, ஐஸ்கேட் என்ற கஸ்டம்ஸ் இணையதளத்தில் பில் ஆஃப் என்ட்ரி, அதாவது இறக்குமதி விவரப் படிவம், போட்டால் போதும், கஸ்டம்ஸோடு உணவுப் பாதுகாப்பு, பயிர்நோய்த் தடுப்பு எல்லாருக்கும் அதுவே போய்ச்சேரும் என்றார்கள். போட்டேன். அப்புறம்? சாம்பிள் எடுத்தார்கள், லேப் முடிவு வரவில்லை. ஜன்னல் ஒன்றுதான், பின்னால் மேசை பழையபடி தனித்தனி.

கிளியரிங்_அண்ணன்:
நான் 2004-இலிருந்து கஸ்டம்ஸில் சரக்கை விடுவித்துத் தரும் கிளியரிங் வேலையில் இருக்கிறேன். அன்றைக்கு ஃபைலைத் தூக்கிக்கொண்டு ஆபீஸ் ஆபீஸாக பைக்கில் அலைவதற்கென்றே ஒரு பையன் வைத்திருந்தோம், பெட்ரோல் காசு தனி. இப்போது ஆவணங்களை இ-சஞ்சித் என்ற ஆன்லைன் வசதியில் ஒருமுறை ஏற்றினால் எல்லாரும் அதையே பார்க்கிறார்கள். எல்லாச் சரக்கிலும் சாம்பிளும் எடுப்பதில்லை, ரிஸ்க் பார்த்து கணினியே பொறுக்குகிறது. லேபில் கிருமி வளர நாளாகும், அதற்கு ஜன்னல் என்ன செய்யும்?

பருப்புமண்டி:
வளர்வது கிருமியா, கண்டெய்னரைத் திருப்பித் தரத் தாமதமானால் கப்பல்காரன் போடும் டிடென்ஷன் கட்டணமா?

சிராங்கூன்_சாலை:
சிங்கப்பூரில் இதே மாதிரி ஒற்றைச் சாளரமான டிரேட்நெட் 1989-லேயே வந்துவிட்டது. பெரும்பாலான அனுமதி 10 நிமிடத்துக்குள் கிடைக்கிறது. மனசு வைத்தால் முடியும்.

கிளியரிங்_அண்ணன்:
தம்பி, அங்கே ஜிஎஸ்டியை விட்டால் சுங்கவரி மது, புகையிலை, வண்டி, பெட்ரோலியம் இவ்வளவுக்குத்தான். இங்கே சரக்கை வகைப்படுத்தும் எச்.எஸ். கோடில் ஒரு எண் மாறினால் வரியே மாறும். எனக்கும் குறை இல்லாமல் இல்லை. 2020-இல் முகமில்லா மதிப்பீடு முதலில் சென்னை, பெங்களூரில்தான் ஆரம்பித்தது, சென்னையில் போட்ட பில்லை எந்த ஊர் அதிகாரி பார்க்கிறார் என்றே தெரியாது. முன்பு நேரில் போய் 5 நிமிடத்தில் விளக்கிவிடுவேன், இப்போது கேள்விக்குப் பதில் டைப் அடித்துவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

பருப்புமண்டி:
‘நேரில் போய் விளக்குவது’ என்றால் எங்கள் மண்டியில் வேறு அர்த்தம் சொல்வார்கள் :) அந்த ஒரு விஷயத்துக்காகவே முகமில்லாததை நான் ஆதரிக்கிறேன்.

சிராங்கூன்_சாலை:
உலக வர்த்தக அமைப்பின் வர்த்தக வசதி ஒப்பந்தம் 2017-இல் அமலுக்கு வந்தது. அதிலும் ஒற்றைச் சாளரத்துக்கு ‘முயல வேண்டும்’ என்றுதான் எழுதியிருக்கிறார்கள். எழுத்தே அப்படி நழுவினால் இப்படித்தான் இருக்கும்.

பருப்புமண்டி:
ஒப்பந்தம் கிடக்கட்டும். சாம்பிள் லேபுக்கு எப்போது போனது, யார் மேசையில் எத்தனை நாள் இருக்கிறது, இது திரையில் தெரிந்தால் போதும். நான் யாரிடம் கேட்பது என்றாவது தெரியும்.

கிளியரிங்_அண்ணன்:
அது நியாயம், ஒத்துக்கொள்கிறேன். ஒன்று மட்டும் சொல்லுங்கள், கப்பல் வருவதற்கு முன்பே பில் போட்டீர்களா?

பருப்புமண்டி:
இல்லை... சரக்கு இறங்கி ரெண்டு நாள் கழித்து.

கிளியரிங்_அண்ணன்:
அப்போ 9 நாளில் 2 நாள் உங்கள் மேசை.