மூலச் சுவடியா, நகலா? பல்கலைக்கழகக் கண்காட்சிகள் குறித்து நால்வர் உரையாடல்

ஏட்டுக்கட்டு:
நவம்பர் 19 முதல் 25 வரை உலக மரபு வாரம். அதையொட்டிப் பல்கலைக்கழக நூலகங்களும் தமிழ்த் துறைகளும் ஓலைச்சுவடிக் கண்காட்சி வைப்பது வழக்கமாகிவிட்டது. முதல் நாள் குத்துவிளக்கு ஏற்றி ஒரு சிறப்புரை, அப்புறம் ஒரு வாரமோ ஒரு மாதமோ கண்ணாடிப் பெட்டிக்குள் சுவடிகள். நான் சொல்வது இதுதான்: மூலச் சுவடி ஒன்றுகூட அந்தப் பெட்டிக்குள் போகக் கூடாது. நகலை வையுங்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். அருங்காட்சியகங்கள் கடைப்பிடிக்கும் 50 லக்ஸ் (ஒளிச் செறிவின் அலகு) ஒளி, நாளுக்கு 8 மணி நேரம், 30 நாள். மொத்தம் 12,000 லக்ஸ்-மணி. ஒளியால் மிக எளிதில் கெடும் பொருளுக்கு சிஐஇ என்னும் பன்னாட்டு ஒளியூட்ட ஆணையம் ஆண்டு முழுவதற்கும் வைத்திருக்கும் வரம்பே 15,000. ஓராண்டுப் பங்கில் ஐந்தில் நான்கை ஒரே மாதத்தில் செலவழிக்கிறோம். அதுவும் 50 லக்ஸ் என்றால்தான். கல்லூரி அரங்குகளில் குழல்விளக்கின் கீழ் 300 சாதாரணம். சன்னலோரம் 1,000 தாண்டும். அங்கே பெட்டியை வைத்தால் இரண்டே நாளில் 16,000.

கரிமை:
அந்த 15,000 பட்டு, எளிதில் மங்கும் சாயம் போன்றவற்றுக்கு உரிய வரம்பு. சுவடி எழுத்து சாயத்தில் எழுதியதன்று. எழுத்தாணியால் கீறி, கீறலுக்குள் விளக்குக்கரியைத் தேய்த்தது. கரி ஒளியில் மங்காது.

நகல் போதும் என்றால் அதை வீட்டில் திரையிலேயே பார்த்துக்கொள்ளலாமே, அதற்காக யார் பல்கலைக்கழகம் வரை வருவார்கள்? கீறலின் ஆழம், நாராசத் துளையை (ஏடுகளைக் கோக்கும் துளை) சுற்றி எழுதாமல் விட்ட இடம், இராமபாணப் பூச்சி அரித்த வழி, ஓரம் ஒடிந்ததால் பாதியில் நின்ற அடி, இவையெல்லாம் மூலத்தில்தான் தெரியும். உ.வே.சா. காலத்துப் பதிப்பாசிரியர்கள் எதோடு மல்லுக்கட்டினார்கள் என்பதை இதைப் பார்த்த மாணவருக்குத் தனியே விளக்க வேண்டியதில்லை. ஒரே ஏட்டை மாதம் முழுக்கக் காட்டுவதுதான் சிக்கல் என்றால் வாரம் ஒரு முறை ஏட்டைத் திருப்புங்கள். ஓர் ஏட்டுக்கு 2,800 லக்ஸ்-மணிதான் விழும்.

ஏட்டுக்கட்டு:
கரி மங்காது, ஒப்புக்கொள்கிறேன். ஓலை? ஓலையில் நார்களைப் பிணைக்கும் லிக்னின் என்ற பொருள் இருக்கிறது. புற ஊதாக் கதிரும் நீல ஒளியும் பட்டால் அது சிதையும். ஓலை பழுத்து, வளையும் தன்மை போய், தொட்டால் ஒடியும். எழுத்து கறுப்பாகவே இருக்கும், அதைத் தாங்கும் ஓலை விளிம்பிலிருந்து உதிரும். எழுத்து பளிச்சென்று தெரிவதால் சுவடி நலமாக இருக்கிறது என்று நம்புவதால்தான் இத்தனை ஏடுகளை இழக்கிறோம்.

திருப்புவதைப் பற்றி: ஒவ்வொரு முறையும் கயிற்றைத் தளர்த்தி, ஏடுகளை நகர்த்தி, மறுபடி கட்ட வேண்டும். துளை விளிம்பு கிழிவது பெரும்பாலும் அந்த வேலையில்தான். ஒளியில் மிச்சம் பிடித்ததைக் கைபடுவதில் இழப்பீர்கள்.

நீர்மானி:
இருவரும் ஒளியைப் பற்றியே பேசுகிறீர்கள். நம் ஊரில் சுவடியை முதலில் கெடுப்பது ஈரம்.

நவம்பர் என்றால் வடகிழக்குப் பருவமழை. சென்னை, தஞ்சாவூர்ப் பக்கம் காற்றின் ஈரப்பதம் பல நாள் 80 விழுக்காட்டைத் தாண்டி நிற்கும். அலுவல் நேரத்தில் ஏ.சி. ஓடும், மாலையில் நிறுத்திவிடுவார்கள். பகலில் 50, இரவில் 80. ஓலை நீளவாக்கில் அதிகம் அசையாது; அகலவாக்கில் விரியும், சுருங்கும். தினமும் இப்படி இழுபட்டால் குறுக்கே குழிந்து, நரம்பு வழியே பிளக்கும். 65, 70-க்கு மேல் தொடர்ந்து நின்றால் பூஞ்சை பிடிக்கும். ஏ.சி.யை விட்டுவிட்டுப் போடுவதைவிடப் போடாமலே இருப்பது மேல். 50 முதல் 60 வரை, ஆட்டம் இல்லாமல் இருந்தால் போதும்.

இதைச் சரிசெய்வதாக நினைத்துச் செய்யும் பெரிய தவறு, கடையில் வாங்கிய நீலச் சிலிக்கா ஜெல் பொட்டலங்களை அப்படியே பெட்டிக்குள் போடுவது. புது ஜெல் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே போகும்; மூடிய பெட்டியில் ஈரப்பதம் 30-க்கும் கீழே இறங்கும், ஓலை மொறுமொறுப்பாகிவிடும். ஜெல்லை முதலில் வேண்டிய ஈரப்பதத்துக்குப் பழக்க வேண்டும். மெக்னீசியம் நைட்ரேட் உப்பை நீரில் கரைத்து, அடியில் கரையாத உப்பு தங்கும் அளவுக்குக் குழம்பாக்கி ஒரு கிண்ணத்தில் வையுங்கள். பக்கத்துத் தட்டில் ஜெல்லை மெல்லிதாகப் பரப்பி, இரண்டையும் மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடைத்துவிடுங்கள். அந்தக் குழம்புக்கு மேலே காற்று 25 டிகிரியில் 53 விழுக்காட்டில் நிற்கும். ஹைகிரோமீட்டர் (ஈரப்பதமானி) மூன்று நாள் தொடர்ந்து அந்த எண்ணைக் காட்டினால் ஜெல் தயார். உப்புக் கிண்ணம் மட்டும் எந்த நிலையிலும் சுவடிப் பெட்டிக்குள் போகக் கூடாது. அது விளிம்பேறிப் பரவும்.

எவ்வளவு ஜெல்? ஒரு கன மீட்டருக்கு 20 கிலோ. 120 × 50 × 25 செ.மீ. பெட்டி 0.15 கன மீட்டர், ஆகவே 3 கிலோ. ஒரு கைப்பிடிப் பொட்டலத்தால் ஒன்றும் ஆகாது. பெட்டியின் மூட்டுகள் இறுக்கமாக இல்லையென்றால் 3 கிலோவும் வீண்.

பெட்டியையும் கவனியுங்கள். புது ஒட்டுப்பலகையும் புது வண்ணப்பூச்சும் அமில ஆவி விடும்; திறந்து வைத்து ஒரு மாதமாவது ஆறவிட வேண்டும். திறப்பு விழாவுக்கு முந்திய நாள் பெயின்ட் அடிப்பது நம் பழக்கம், அதை நிறுத்த வேண்டும். சிவப்பு வெல்வெட் விரிப்பு வேண்டாம், ஈரம் பட்டால் சாயம் இறங்கும். கஞ்சியும் சாயமும் இல்லாத, துவைத்த பருத்தித் துணி போதும். எலுமிச்சம்புல் எண்ணெய் பூசிய சுவடியை உடனே பெட்டிக்குள் வைத்தால் எண்ணெய் ஆவி கண்ணாடியின் உள்பக்கம் படலமாகப் படியும்.

கரிமை:
இவ்வளவும் செய்ய முடிந்தால் மூலத்தை வைக்கலாம் என்றுதானே பொருள்?

நீர்மானி:
பிப்ரவரியில் வைக்கலாம், ஒரு வாரத்துக்கு. நவம்பரில் வேண்டாம். 21 பிப்ரவரி உலகத் தாய்மொழி நாள். காரணம் வேண்டுமென்றால் அதுவே இருக்கிறது. ஏட்டை விரித்துக் காட்டும்போது கட்டுக்கயிற்றை முழுவதும் தளர்த்தி, தாங்கு அட்டையைச் சுவடியின் வளைவுக்கு ஏற்ப வெட்டி, 15 டிகிரிக்கு மேல் சாய்க்காமல் வையுங்கள். நிமிர்த்தி வைத்தால் கட்டின் முழு எடையும் நாராசத் துளையில் இறங்கும்.

எழுத்தாணி:
நகல் என்ற சொல்லை ஏட்டுக்கட்டு எளிதாகச் சொல்லிவிட்டார். பெரும்பாலான அரங்குகளில் நகல் என்று தொங்குவது மங்கலான வினைல் பதாகை. அதைப் பார்த்தால் கரிமையின் கோபம் நியாயமென்றே தோன்றும். நல்ல நகல் எடுக்கவும் முறை உண்டு.

ஏட்டை ஸ்கேனர் கண்ணாடியில் கவிழ்க்கக் கூடாது, மூடி அழுத்தினால் வளைந்த ஓலை விரிசல் விடும். மேலிருந்து கேமராவால் எடுங்கள். இரண்டு படம் தேவை: இருபுறமும் சமமான ஒளியில் ஒன்று, ஒரு பக்கத்திலிருந்து மிகத் தாழ்ந்த கோணத்தில் ஒளி விழ ஒன்று. இரண்டாவதில்தான் கீறல் நிழல் விழுந்து எழுந்து நிற்கும். கரி போன ஏடும் படிக்கும்படி வரும். படிக்க முடியவில்லையென்று கண்காட்சிக்காகப் புதிதாகக் கரி தேய்க்காதீர்கள். நுண்ணிய விரிசல்களிலும் கரி ஏறி, எது எழுத்து எது விரிசல் என்ற வேறுபாடே போய்விடும்.

அச்சு: பளபளப்பில்லாத தாளில் மூல அளவில் ஒன்று, மூன்று மடங்கு பெரிதாக ஒன்று, அதற்குக் கீழே இன்றைய எழுத்தில் பாடம். "நகல்" என்ற சொல் தலைப்பின் அளவிலேயே இருக்க வேண்டும். பார்வையாளரை ஏமாற்றக் கூடாது.

விளக்கப் பலகையில் நூலின் பெயர், காலம், ஏட்டு எண் என்று மூன்று வரி எழுதி நிறுத்திவிடுகிறார்கள். பொதுமக்களுக்கு வேண்டியது வேறு. சுவடியில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. ஒற்றைக்கொம்பு இரட்டைக்கொம்பு வேறுபாடு இராது. துணைக்காலும் ரகரமும் ஒரே வடிவம். ஆகவே "பாவை" என்பதும் "பரவை" என்பதும் ஏட்டில் ஒன்றுபோலவே இருக்கும். "கொடு", "கோடு" இரண்டும் அப்படியே. இந்த ஒரு பலகையை வைத்துவிட்டால், பள்ளிக் குழந்தைகூட ஏட்டின் முன் நின்று எழுத்துக்கூட்டப் பார்க்கும்.

கரிமை:
நல்ல நகலை நான் எதிர்க்கவில்லை. நகல் மட்டும் என்பதைத்தான் எதிர்க்கிறேன். அப்படியானால் இதற்குப் பதில் சொல்லுங்கள். மாதம் முழுக்கப் பெட்டிகளில் நகல் இருக்கட்டும். சிறப்புரையை மேடையிலிருந்து இறக்குங்கள். ஒரு மேசை, அதன்மேல் ஒரே ஒரு மூலச் சுவடி, சுற்றி 15 பேர், 40 நிமிடம். சுவடியியல் அறிந்தவர் ஏட்டைக் காட்டிக்கொண்டே பேசுவார். ஒரு நாளில் நான்கு சுற்று, 60 பேர். மேசையில் 200 லக்ஸ் வைத்தாலும் நான்கு சுற்றுக்கும் சேர்த்து 533 லக்ஸ்-மணிதான். உங்கள் 12,000 எங்கே, இது எங்கே! 50 லக்ஸ் பெட்டிமுன் குனிந்து ஒன்றும் தெரியாமல் நகரும் முதியவர்களுக்கும் இதில் கண்ணுக்கு எட்டும்.

சரஸ்வதி பூசை அன்று சுவடிகளை எடுத்துத் தூசு தட்டி, பிரித்துப் பார்த்துக் கட்டி வைப்பது வீடுகளில் இருந்த வழக்கம். எடுத்துப் பார்க்கப்பட்ட சுவடிக்கட்டுகளில்தான் பூச்சி உடனே கண்ணில் பட்டது.

ஏட்டுக்கட்டு:
ஒளிக் கணக்கு சரி. இதற்கு ஒப்புக்கொள்ளலாம், ஆனால் ஏட்டைத் தொடுவது ஒருவரின் கை மட்டும். பருத்திக் கையுறை வேண்டாம், இழை ஓரத்தில் மாட்டி ஓலையைப் பெயர்க்கும். கழுவி உலர்ந்த கையே போதும். மேசையில் தண்ணீர்ப் புட்டி, பேனா, மாலை எதுவும் இருக்கக் கூடாது. குத்துவிளக்கு வேறு அறையில்.

எழுத்தாணி:
தொலைக்காட்சிக்காரர்களின் பெரிய ஹாலஜன் விளக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கைப்பேசி ஃபிளாஷுக்குப் பலரும் பதறுகிறார்கள். ஒரு மின்னலில் விழும் ஒளி மிகக் குறைவு. ஹாலஜனைப் பக்கத்தில் பிடித்தால் பத்து நிமிடத்தில் ஏடு சூடேறி வளையத் தொடங்கும்.

நீர்மானி:
காப்பறையிலிருந்து கொண்டுவந்த கட்டை உடனே பிரிக்காதீர்கள். துணியோடு மேசை அறையில் ஓர் இரவு இருக்கட்டும். 60 பேர் வந்துபோனால் மூச்சிலும் வியர்வையிலும் அறையின் ஈரம் ஏறும். சுற்றுக்கு இடையில் அரை மணி கதவைத் திறந்து விடுங்கள்.

ஏட்டுக்கட்டு:
பெட்டியில் மூலம் வேண்டாம் என்பதில் நான் மாறவில்லை, அது பிப்ரவரியானாலும் சரி. மேசை உரைக்கு, எழுத்து ஓரம் வரை போகாத, துளை கிழியாத, முன்பே முழுவதும் படமெடுத்த சுவடியாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். காலையில் முதல் சுற்றுக்கு முன்னும் மாலையில் கடைசிச் சுற்றுக்குப் பின்னும் அதே ஏடுகளை அதே கோணத்தில் படமெடுத்து ஒப்பிட வேண்டும். புதிதாக ஒரு விரிசல் தெரிந்தாலும் அடுத்த நாள் அந்தச் சுவடி மேசைக்கு வராது.